பொறுப்பைக் கையில் கொடுத்த சபைகள்

நம் வாலிபர் ஐக்கிய விழாவை ஒட்டி வரும் இந்த மலரில் தலைவர்கள், செயலர்கள் பட்டியலும் பழைய புகைப்படங்களும் வேறு பக்கங்களில் இருக்கின்றன. எனக்குத் தரப்பட்ட தலைப்பு 'உள்ளூர் சபையில் வாலிபர் ஊழியத்தின் அவசியம்'. அவசியம் என்று சொன்னால் யாரும் மறுக்கப்போவதில்லை. கமிட்டி கூடும்போதெல்லாம் யாராவது ஒரு பெரியவர் "நம்ம பையன்களையே காணலியே ஐயா" என்று சேகர குருவிடம் கேட்கத்தான் செய்கிறார். காணவில்லை என்ற வருத்தம் எல்லோருக்கும் உண்டு. அவர்கள் வந்தால் அவர்களிடம் எதைக் கொடுக்கப்போகிறோம் என்ற கேள்விதான் எழுவதில்லை. அந்தக் கேள்விக்கு நம் திருச்சபை வரலாற்றில் பதில் இருக்கிறது. அதை எழுதவே இந்தப் பக்கங்களைப் பயன்படுத்திக்கொள்கிறேன்.

திருநெல்வேலிச் சீமைத் திருச்சபையின் தொடக்கத்திலேயே இளைஞர்கள் நிற்கிறார்கள். சாத்தான்குளம் பக்கத்தில் உபத்திரவப்பட்ட விசுவாசிகளை ஒன்றுகூட்டி, 1799இல் முதலூர் என்ற புதிய ஊரை உண்டாக்கியவர் தாவீது சுந்தரானந்தம் என்னும் இளம் உபதேசியார். வீட்டையும் வயலையும் விட்டு ஓடிவந்தவர்களுக்கு ஒரு நிலம் வாங்கி, அதில் குடியேற்றி, அவர்களோடு தானும் இருந்தார். அடுத்த நூறு ஆண்டுகளில் இந்தச் சீமை முழுவதும் எழுந்த கிறிஸ்தவ ஊர்களுக்கு முதலூர் பெயரளவில் மட்டுமல்லாமல் உண்மையிலும் முதல் ஊர். அந்தப் பொறுப்பை ஓர் இளைஞனின் தோளில் வைக்கலாமா என்று அன்றைக்கு யாராவது தயங்கியிருந்தால் நம் கதை வேறு மாதிரி இருந்திருக்கும்.

ஆனால் நான் அதிகம் சொல்ல விரும்புவது வேதநாயகம் சாமுவேல் அசரியாவைப் பற்றி. அவருடைய பேராயர் படத்தைப் பல கோயில்களில் மாட்டி வைத்திருக்கிறோம். படத்தில் இருப்பவர் வயதானவர். நமக்குத் தேவைப்படுகிறவர் அதற்கு முந்திய அசரியா. வெள்ளாளன்விளையில் கிராமத்துக் குருவானவர் ஒருவருக்கு 1874 ஆகஸ்டு 17இல் மகனாகப் பிறந்தவர். சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியில் படித்தவர். 1895இல், இருபத்தோரு வயதில், ஒய்.எம்.சி.ஏ.யின் செயலராகி, தென்னிந்தியா முழுக்க இளைஞர் கூட்டங்களைக் கட்டி எழுப்பப் புறப்பட்டவர். இந்த வேலையின் நிமித்தமாகவே 1902இல் யாழ்ப்பாணம் போனார்.

யாழ்ப்பாணத்தில் அமெரிக்க மிஷன் 1816 முதல் வேலை செய்துவந்தது. அசரியாவை அசைத்தது அந்த மிஷனின் வயதோ கட்டடங்களோ அல்ல. அங்கிருந்த மாணவர்கள் தங்களுக்குள் ஒரு சங்கம் வைத்து, தங்கள் கைக்காசைச் சேர்த்து, கடல் கடந்து ஓர் ஊழியரை அனுப்பித் தாங்கிவந்தார்கள். அவர்கள் அனுப்பிய இடம் தொண்டி. பாக்கு நீரிணையின் இந்தப் பக்கம், இராமநாதபுரம் கடற்கரையில் உள்ள அதே தொண்டிதான். அதாவது நம் கரையில் செய்ய வேண்டிய ஊழியத்துக்கு யாழ்ப்பாணத்துப் பள்ளிப் பிள்ளைகள் ஆள் அனுப்பிக்கொண்டிருந்தார்கள். திருநெல்வேலிச் சபைக்கோ அப்போது நூறு வயது தாண்டியிருந்தது. ஆயிரக்கணக்கான குடும்பங்கள், பள்ளிகள், கோபுரம் வைத்த ஆலயங்கள், சொந்தக் குருமார்கள், எல்லாம் இருந்தன. வேற்றுமொழிப் பகுதிக்குத் தன் செலவில் ஒரு மிஷனரியை அனுப்பிய சொந்தச் சங்கம் ஒன்று மட்டும் இல்லை. இந்தக் குறை அசரியாவைத் தூங்கவிடவில்லை. ஜெபத்தோடு ஊர் திரும்பினார்.

1903 பிப்ரவரி 12ஆம் நாள் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனரி சங்கம் தொடங்கப்பட்டது. அப்போது அசரியாவுக்கு வயது 28. ஆட்களும் இந்தியர், பணமும் இந்தியருடையது, நிர்வாகமும் இந்தியருடையது என்பது அவர்கள் வைத்த ஏற்பாடு. வெள்ளைக்கார மிஷன்களின் உதவியிலேயே சபைகள் நடந்துவந்த காலத்தில் இது துணிச்சலான காரியம். மறு ஆண்டே சாமுவேல் பாக்கியநாதன் மிஷனரியாகப் புறப்பட்டு, நிஜாமின் ஆட்சிப் பகுதியில் இருந்த தோர்ணக்கல்லுக்குப் போனார். தெலுங்கு பேசும் ஊர், தெரியாத மொழி, காட்டுப் பக்கம். அவருக்கான சம்பளம் நம் கிராமத்துச் சபைகளின் சந்தாக்களிலிருந்து போனது. 1905 கிறிஸ்துமஸ் நாளில் செராம்பூரில் தேசிய மிஷனரி சங்கம் பிறந்தபோதும் அசரியா முன்னின்றார். பிறகு, மற்றவர்களை அனுப்பினால் மட்டும் போதாது என்று, 1909இல் குருப்பட்டம் பெற்று மனைவி அன்பு அம்மாளோடும் பிள்ளைகளோடும் தோர்ணக்கல் போய்ச் சேர்ந்தார். 1910இல் எடின்பரோ உலக மிஷனரி மாநாட்டில், மேலைநாட்டு மிஷனரிகள் எங்களுக்கு எஜமானர்களாக வேண்டாம், நண்பர்களாக வேண்டும் என்ற பொருளில் பேசியவரும் அவர்தான். 1912 டிசம்பர் 29இல் ஆங்கிலிக்கன் திருச்சபையின் முதல் இந்தியப் பேராயராக அபிஷேகம் பெற்றார்.

இதில் ஒரு காரியத்தை நம் வாலிபர்கள் கவனிக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறேன். தோர்ணக்கல்லில் அசரியா ஊழியம் செய்த மக்களில் பெரும்பாலானோர் மாலா, மாதிகா சமூகத்தார். ஊருக்கு வெளியே வைக்கப்பட்டவர்கள். திருநெல்வேலியிலிருந்து போன ஒரு குருவானவர் வீட்டுப் பிள்ளை அவர்கள் சேரியில் உட்கார்ந்து சுவிசேஷம் சொன்னார். சாதி பார்ப்பதைத் திருச்சபைக்குள் எந்த வடிவிலும் அவர் ஒத்துக்கொள்ளவில்லை. நூறு ஆண்டுகள் கழித்தும் நம் திருமணப் பேச்சுகளிலும் தேர்தல் கணக்குகளிலும் அது உட்கார்ந்திருக்கிறது. வாலிபர் ஐக்கியத்தில் எல்லாத் தெருப் பிள்ளைகளும் ஒரே பாயில் உட்கார்ந்து ஜெபிக்கிறார்கள் என்றால், அது பெரியவர்கள் இன்னும் முழுதாகச் செய்யாத ஒன்றை அவர்கள் செய்துகாட்டுவதாகும். இந்த ஒரு காரணத்துக்காகவே வாலிபர் ஊழியம் வேண்டும் என்பேன்.

சரி, இப்படிப்பட்ட இளைஞர்கள் தாமாக முளைக்கிறார்களா? எல்லா இடத்திலும் முளைப்பதில்லை. உள்ளூர் சபையில் அதற்கென்று ஓர் ஒழுங்கு வேண்டும். அந்த ஒழுங்கை முதலில் தெளிவாக வகுத்தவர் அமெரிக்காவில் மெயின் மாநிலத்துப் போர்ட்லண்டு நகர வில்லிஸ்டன் சபையின் போதகர் பிரான்சிஸ் கிளார்க். 1881 ஜனவரியில் அந்தச் சபையில் நடந்த ஜெப வாரத்தில் பல சிறுவர் சிறுமியர் மனந்திரும்பினார்கள். இருபத்தொன்பது வயதான அந்தப் போதகருக்குச் சந்தோஷத்தோடு கவலையும் வந்தது. உருக்கமாக ஜெபித்த இந்தப் பிள்ளைகள் அடுத்த ஆண்டு என்ன செய்துகொண்டிருப்பார்கள்? பிப்ரவரி 2ஆம் நாள் மாலை அவர்களைத் தம் வீட்டுக்கு அழைத்தார். அங்கே தொடங்கியதுதான் 'கிறிஸ்தவ முயற்சி சங்கம்'. நம் பெரியவர்கள் சி.இ. சங்கம் என்று சொல்வது இதைத்தான்.

கிளார்க் வகுத்த விதிகளைப் படித்தால் வியப்பாக இருக்கிறது. பதினாறு வயதுப் பிள்ளைகளிடம் அவர் எளிதான எதையும் கேட்கவில்லை. தினமும் ஜெபிக்க வேண்டும், வேதம் வாசிக்க வேண்டும். தகுந்த காரணம் இல்லாமல் கூட்டத்துக்கு வராமல் இருக்கக் கூடாது. வந்தவர் சும்மா உட்கார்ந்து கேட்டுவிட்டுப் போகவும் கூடாது: ஒவ்வொரு கூட்டத்திலும் ஒவ்வொருவரும் ஏதாவது ஒன்று செய்தாக வேண்டும். பேச வராதவர் ஒரு வசனமாவது சொல்ல வேண்டும். மாதம் ஒருமுறை பெயர்ப்பட்டியல் வாசித்து, ஒவ்வொருவரும் தன் பிரதிஷ்டையைப் புதுப்பிக்க வேண்டும். இதை அந்தப் பிள்ளைகளிடம் முதலில் வாசித்துக் காட்டியபோது அறையில் ஒரு தயக்கம் இருந்ததாம். பிறகு ஒவ்வொருவராகக் கையெழுத்துப் போட்டார்கள்.

விதிகளைவிட எனக்குப் பிடித்தது குழுக்களின் ஏற்பாடு. ஜெபக் கூட்டத்தை நடத்த ஒரு குழு. புதிதாக வருகிறவர்களைப் பழக்கிக்கொள்ள ஒரு குழு. இன்னொன்று கண்காணிப்புக் குழு. வராமல் போனவரின் வீடு தேடிப் போவது அதன் வேலை. இதையெல்லாம் செய்தவர்கள் பெரியவர்கள் அல்லர், அந்தப் பிள்ளைகளே. தன் வயதுப் பையன் ஒருவன் இரண்டு வாரமாக வரவில்லை என்றால் இன்னொரு பையன் போய்க் கதவைத் தட்டினான். குருவானவர் போய்த் தட்டுவதற்கும் கூட்டாளி போய்த் தட்டுவதற்கும் உள்ள வித்தியாசத்தை, மகன் வைத்திருக்கிற எந்தத் தகப்பனும் அறிவான்.

சில ஆண்டுகளுக்குள்ளேயே ஆயிரக்கணக்கான சங்கங்கள் தோன்றி, லட்சக்கணக்கான உறுப்பினர்கள் சேர்ந்துவிட்டார்கள். 1909இல் இதன் உலக மாநாடு நம் நாட்டில் ஆக்ராவில் நடந்தது. இன்று நம் ஐக்கியக் கூட்டங்களில் ஒருவர் ஆரம்ப ஜெபம், ஒருவர் வேதபாடம், ஒருவர் பாட்டு, ஒருவர் அறிக்கை, ஒருவர் நன்றியுரை என்று பிரித்துக் கொடுக்கிறோமே, அந்தப் பழக்கத்தின் வேர் இங்கே இருக்கிறது. மைக்கைப் பிடித்தால் கை நடுங்கிய எத்தனை பேர் அந்த ஐந்து நிமிட ஜெபத்தில் பழகி, பிற்பாடு பள்ளித் தலைமையாசிரியராகவும் சபை ஊழியராகவும் நின்று பேசியிருக்கிறார்கள்!

விளையாட்டைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். கோயில் வளவில் வலை கட்டி வாலிபால் ஆடுவதைப் பார்த்துச் சில பெரியவர்கள் மனம் சங்கடப்படுகிறார்கள். அந்த விளையாட்டே கிறிஸ்தவ வாலிபர் ஊழியத்தில் பிறந்தது. 1895இல் அமெரிக்காவின் ஹோலியோக் நகர ஒய்.எம்.சி.ஏ.யில் வில்லியம் மார்கன் என்பவர் உருவாக்கியது. சென்னையில் 1920இல் ஹாரி பக் தொடங்கிய ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியில் பயின்ற ஆசிரியர்கள் இப்படிப்பட்ட விளையாட்டுகளை நம் பள்ளி மைதானங்களுக்குக் கொண்டுவந்தார்கள். ஆடட்டும். ஆனால் ஐக்கியம் முழுவதும் ஆட்டத்தோடும் ஆண்டுக்கொரு சுற்றுலாவோடும் நின்றுவிட்டால் பிள்ளைகள் சீக்கிரம் சலித்துப்போவார்கள். அதைவிட நல்ல மைதானமும் அதைவிட நல்ல சுற்றுலாவும் அவர்களுக்கு வெளியே கிடைக்கும். சபை மட்டுமே தரக்கூடியது ஊழியம். அதைக் கொடுக்காமல் மற்றதையெல்லாம் கொடுத்துப் பயனில்லை.

ஊழியத்தைக் கொடுத்தால் என்ன நடக்கும் என்பதற்கு நம் கண்முன்னே ஒவ்வொரு மே மாதமும் அத்தாட்சி இருக்கிறது. வி.பி.எஸ். என்று நாம் சொல்லும் விடுமுறை வேதாகமப் பள்ளி. 1898இல் நியூயார்க்கில் எலைசா ஹாஸ் என்ற அம்மையார், கோடையில் தெருவில் சுற்றிக்கொண்டிருந்த ஏழைப் பிள்ளைகளைப் பார்த்து, ஒரு பீர் கடையின் கூடத்தை வாடகைக்குப் பிடித்து வேதம் சொல்லிக்கொடுத்தார். அங்கே தொடங்கிய முயற்சி நம்மிடம் வந்து, தமிழ்நாட்டு மண்ணில் ஆழமாக வேரூன்றியது. பத்து நாள் நடக்கிறது. காலையில் கூட்டம் கூட்டமாகப் பிள்ளைகள் வருகிறார்கள், கிறிஸ்தவர் அல்லாத வீட்டுப் பிள்ளைகளும் வருகிறார்கள். செய்கைப் பாட்டு, கதை, மனப்பாட வசனம், கைவேலை, கடைசி நாள் பவனி, மேடை நிகழ்ச்சி.

இதன் ஆசிரியர்கள் யார்? பிளஸ் டூ எழுதிவிட்டு முடிவுக்குக் காத்திருக்கும் பெண்கள், கல்லூரி முதல் வருடப் பையன்கள். இரண்டு மூன்று நாள் பயிற்சி முகாம் முடித்து, பாடப் புத்தகத்தோடு வருகிறார்கள். முதல் நாள் யோசேப்பின் கதையை இருபது வாண்டுகளுக்குச் சொல்ல நிற்கும்போதுதான் அவர்களுக்கே அந்தக் கதையில் தெரியாத இடங்கள் தெரியவருகின்றன. சகோதரர்கள் ஏன் அவனை வெறுத்தார்கள், பதினேழு வயதில் வீட்டைப் பிரிந்தவன் எகிப்தில் எப்படித் தாங்கினான் என்று ஒரு குழந்தை கேட்டுவிட்டால், பதில் தேடி அன்று ராத்திரி ஆதியாகமத்தைத் திரும்பத் திறக்க வேண்டியிருக்கிறது. ஐந்து வருடம் பிரசங்கம் கேட்டு ஏறாதது இந்தப் பத்து நாளில் ஏறிவிடுகிறது. வி.பி.எஸ். சிறுவர் ஊழியம் என்று நாம் கணக்கில் எழுதுகிறோம். அது சிறுவர்களுக்குச் செய்யும் நன்மை பெரிது. ஆசிரியராக வரும் வாலிபருக்குச் செய்வது அதைவிடப் பெரிது என்பது என் எண்ணம்.

வரலாறும் இதற்குச் சாட்சி. வி.பி.எஸ். ஊழியத்திலும் அதன் முகாம்களிலும் பழகிய இளைஞர்கள் சிறு சிறு குழுக்களாகக் கூடி, இந்தியாவில் சுவிசேஷம் எட்டாத பகுதிகளுக்காக ஜெபித்தார்கள். அந்த ஜெபக் குழுக்களிலிருந்து 1959இல் நண்பர் சுவிசேஷ ஜெபக் குழு உருவானது. சாம் கமலேசன், எமில் ஜெபசிங் போன்றவர்களின் பெயர்கள் அதனோடு சேர்ந்தவை. குஜராத்தின் டாங்ஸ் பகுதிக்கும், இன்று ஜார்க்கண்டில் இருக்கும் ராஜ்மகால் மலைகளில் வாழும் மால்தோ மக்களிடமும் தமிழ் வாலிபர்கள் போனார்கள். அங்கே போக முடியாதவர்கள் இங்கே தங்கள் ஊர்க் கோயிலில் குழுவாகக் கூடி ஜெபித்தார்கள், மாதா மாதம் பணம் அனுப்பினார்கள். யாழ்ப்பாணத்து மாணவர்கள் தொண்டிக்குச் செய்ததும், திருநெல்வேலிச் சபைகள் தோர்ணக்கல்லுக்குச் செய்ததும், இவர்கள் டாங்ஸுக்குச் செய்ததும் ஒரே விதமான காரியம். மூன்றின் தொடக்கத்திலும் இளைஞர்கள் நின்றார்கள். மூன்றிலும் பணம் பெரிய இடத்திலிருந்து வரவில்லை.

யாழ்ப்பாணத்தை விட்டு நகருமுன் டி. டி. நைல்ஸையும் சொல்லிவிடுகிறேன். 1908இல் தெல்லிப்பழையில் பிறந்த இந்த மெதடிஸ்தர் மாணவர் கிறிஸ்தவ இயக்கத்தில் வளர்ந்தவர். 1948இல் ஆம்ஸ்டர்டாமில் உலகத் திருச்சபைகள் மாமன்றம் தொடங்கப்பட்டபோது, முதுபெரும் தலைவர் ஜான் மாட்டோடு சேர்ந்து தொடக்க ஆராதனையில் செய்தி கொடுக்க அழைக்கப்பட்டவர் இவர். அப்போது நாற்பது வயது. பிறகு அந்த மாமன்றத்தின் இளைஞர் துறைக்கும் தலைமை தாங்கினார். சிறு வட்டங்களில் பேசிப் பழகிய ஒரு தமிழனை உலகம் கேட்டது.

இந்த வரலாற்றில் பெண்களின் பெயர் குறைவாக வருகிறது என்பது என் மனதை உறுத்துகிறது. அவர்கள் இல்லாததால் அல்ல. தோர்ணக்கல் பெண்கள் நடுவில் அன்பு அம்மாள் செய்த ஊழியம் சிறியதன்று. எழுதினவர்கள் குறைவாக எழுதினார்கள். இன்றும் ஐக்கியக் கூட்டத்துக்கு வருகிறவர்களில் பாதிக்கு மேல் பெண்களாக இருக்கும் சபைகள் நிறைய. தலைவர், செயலர், பொருளாளர் என்று வரும்போது அவர்களுக்கு உதவிச் செயலர் இடம் கிடைக்கிறது. தென்னிந்தியத் திருச்சபை 2013இல் நந்தியால் திருமண்டலத்துக்கு புஷ்பலலிதா அம்மையாரைப் பேராயராக அபிஷேகம் பண்ணியது. பேராயராக ஒரு பெண்ணை ஏற்றுக்கொண்ட திருச்சபையில், ஐக்கியத்தின் கணக்கு நோட்டை ஒரு பெண் வைத்திருப்பதற்குத் தயக்கம் ஏன்?

இனி நம் சேகரத்துக்கு வருகிறேன். திடப்படுத்தல் வகுப்பு நம்மிடம் நன்றாக நடக்கிறது. பிள்ளைகள் விசுவாசப் பிரமாணமும் பத்துக் கட்டளையும் ஒப்பிக்கிறார்கள், வெள்ளை உடுத்தி முழங்காலில் நிற்கிறார்கள், முதல் நற்கருணை எடுக்கிறார்கள். அதற்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவர்களிடம் ஒப்படைக்க நம் கையில் எந்த வேலையும் இல்லை. பெரும்பாலான பிள்ளைகளை நாம் இழப்பது இந்த இடத்தில். வருடத்தில் ஒருநாள் வாலிபர் ஞாயிறு வருகிறது. அன்றைக்கு வேதபாடம், பாட்டு, பிரசங்கம் எல்லாம் அவர்கள் கையில். எல்லோரும் பாராட்டுகிறோம். மறுவாரம் எல்லாவற்றையும் திரும்ப வாங்கிக்கொள்கிறோம். மற்ற ஐம்பத்தொரு ஞாயிறுகளிலும் ஒரு வேதபாடமாவது வாலிபர் வாசிப்பதற்கு யாருடைய அனுமதியும் வேண்டியதில்லை. சேகர குருவின் ஒரு வார்த்தை போதும். காணிக்கை எண்ணும்போது ஒரு வாலிபரும் மேசையில் உட்காரலாம். வியாதியஸ்தர் வீட்டுக்கு நற்கருணை கொண்டுபோகும்போது ஒருவரைக் கூடக் கூட்டிப்போகலாம். மரணப் படுக்கையில் ஒரு பாட்டி வசனம் சொல்வதைக் கேட்ட பிள்ளை அதை மறக்காது. கமிட்டியில் வாலிபருக்கென்று இடம் வைத்தால், அவர் பேச்சைக் கேட்கவும் வேண்டும். டீ வாங்கிவர அனுப்புவதற்கு அந்த இடம் வேண்டாம்.

தவறு செய்வார்கள். பணக் கணக்கில் ரசீது தொலையும், பிரசங்கம் நீண்டுபோகும், கேரல் ரவுண்டில் சத்தம் கூடும். திருத்துவதற்குத்தானே பெரியவர்கள் இருக்கிறோம். அசரியா இருபத்தோரு வயதில் ஊர் ஊராகப் போய்க் கூட்டம் நடத்தியபோதும் எல்லாமே சரியாக நடந்திருக்காது. அனுப்பியவர்கள் அவரைத் திரும்ப அழைக்கவில்லை.

இன்னொரு காரியம் அவசரமானது. படிப்புக்கும் வேலைக்கும் நம் பிள்ளைகள் சென்னைக்கும் பெங்களூருக்கும் வளைகுடா நாடுகளுக்கும் போகிறார்கள். போவதைத் தடுக்க முடியாது, தடுக்கவும் வேண்டாம். பாடகர் குழுவில் ஆண் குரல் குறைந்துவிட்டது என்று வருந்துகிறோம். போன இடத்தில் அந்தக் குரல் எங்கே பாடுகிறது என்று விசாரிப்பதில்லை. விடுதி அறையில் தனியாக இருக்கும் பதினெட்டு வயதுப் பிள்ளைக்கு முதல் இரண்டு மாதம் மிகவும் முக்கியம். அந்த இரண்டு மாதத்தில் ஒரு சபை அதைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுவிட்டால் போதும்.

கிளார்க்கின் கண்காணிப்புக் குழு செய்த வேலையை நம் ஐக்கியம் இங்கே செய்யலாம். ஊரை விட்டுப் போகும் ஒவ்வொரு வாலிபரின் பெயர், கல்லூரி அல்லது வேலை செய்யும் இடம், தங்கும் பகுதி ஆகியவற்றை ஒரு நோட்டில் எழுதுவது. அந்தப் பகுதியில் உள்ள சபையின் குருவானவருக்குச் சேகர குருவின் கையெழுத்தோடு ஓர் அறிமுகக் கடிதம் அனுப்புவது, அதில் இந்தப் பிள்ளை பாடும், ஓய்வுநாள் பள்ளியில் சொல்லிக்கொடுக்கும், கீபோர்டு வாசிக்கும் என்று தெரிந்ததை எழுதுவது. மாதம் ஒருமுறை போனில் பேசுவது. அதே போல, நம் ஊரில் வந்து தங்கிப் படிக்கும் வெளியூர்ப் பிள்ளைகளையும் தேடிப் போய் அழைப்பது. கல்லூரிகள் திறக்கும் ஜூனுக்கு முன்பே அந்த நோட்டு தயாராகிவிட வேண்டும். இந்த விழா முடிந்ததும் கூடும் முதல் செயற்குழுவில் ஒரு பையனையும் ஒரு பெண்ணையும் அதற்கென்று நியமித்து, தபால் செலவுக்கும் போன் செலவுக்கும் சேகரக் கணக்கிலிருந்தே பணம் ஒதுக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.